வளைந்து கொடுத்து வென்றவர்!

குட்டீஸ், உங்கள் வகுப்பில் எல்லாரையும்விட ஒல்லியாக, குள்ளமாக ஒரு பையன் இருக்கிறானா? அல்லது அந்தப் பையன், அந்தப் பெண், நீங்களேதானா? உயரமான பிள்ளைகள் உங்களை இடித்துத் தள்ளிவிட்டுச் சிரிப்பது உண்டா? பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்களா? அப்படியானால் இந்தக் கதையை நீங்கள் கட்டாயம் படிக்க வேண்டும்.

இது ஜப்பான் நாட்டில் பிறந்த ஜிகோரோ கானோவின் கதை. இன்று உலகம் முழுவதும் விளையாடப்படும் ஜூடோவைத் தந்தவர் இவர்தான். பெரிய மல்யுத்த வீரரைப்போல் இருந்திருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். வளர்ந்து ஆளான பிறகும் அவரது உயரம் சுமார் 5 அடி 2 அங்குலம்தான்!

1860ம் ஆண்டு அக்டோபர் 28ம் தேதி, கோபே நகருக்கு அருகில் உள்ள மிகாகே என்ற கடலோர ஊரில் கானோ பிறந்தார். அரிசியிலிருந்து 'சாகே' என்ற மதுபானம் தயாரிப்பதில் புகழ்பெற்ற ஊர் அது. கானோவின் குடும்பமும் அந்தத் தொழில் செய்த வசதியான குடும்பம்தான். ஆனால், பணம் இருந்தால் மட்டும் போதுமா? அவருக்கு 9 வயதானபோது அம்மா இறந்துவிட்டார். அரசு வேலை பார்த்த அப்பா, மகனை டோக்கியோ நகருக்கு அழைத்துச் சென்றார். தாயை இழந்த அந்தச் சிறுவனுக்கு ஊரும் புதிது, மனிதர்களும் புதிது.

அப்போது ஜப்பான் வேகமாக மாறிக்கொண்டிருந்தது. 1868ம் ஆண்டு புதிய ஆட்சி வந்தது. சாமுராய் என்னும் போர் வீரர்கள் மெல்ல மெல்லத் தங்கள் பெருமைகளை இழந்தார்கள். 1876ம் ஆண்டு, பொது இடங்களில் அவர்கள் வாள் அணிவதற்கே தடை வந்துவிட்டது. ரயில், தந்தி, ஆங்கிலப் படிப்பு என்று எல்லாரும் புதுமையின் பின்னால் ஓடினார்கள். பழைய சண்டைக் கலைகளைத் திரும்பிப் பார்க்கவே ஆள் இல்லை.

கானோ படிப்பில் கெட்டிக்காரர். ஆங்கிலம் நன்றாக வரும். 13, 14 வயதில் அவரை ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கேதான் தொல்லை ஆரம்பித்தது. உடல் வலு உள்ள மாணவர்கள் அவரை வம்புக்கு இழுத்தார்கள். அடித்தார்கள், கீழே தள்ளினார்கள். தேர்வில் முதல் மதிப்பெண் வாங்கினாலும் முற்றத்தில் மண்ணைக் கவ்வ வேண்டியிருந்தது. படிப்பு மட்டும் தன்னைக் காப்பாற்றாது என்று கானோவுக்குப் புரிந்தது.

ஒருநாள், அப்பாவைப் பார்க்க வரும் நண்பர் ஒருவர் ஜுஜுத்சு என்ற கலையைப் பற்றிச் சொன்னார். ஆயுதம் இல்லாமல் வெறும் கையால் செய்யும் பழைய சண்டைக் கலை அது. அதைக் கற்றால் சிறியவனும் பெரியவனை வீழ்த்தலாம் என்று கேட்டதும் கானோவின் கண்கள் மின்னின. தனக்கும் கற்றுத்தரும்படி கெஞ்சினார். அந்த நண்பரோ, இந்தக் காலத்துக்கு அதெல்லாம் எதற்கு என்று மறுத்துவிட்டார். அப்பாவுக்கும் அதில் விருப்பம் இல்லை. வேறு சிலரிடம் கேட்டும் பயன் இல்லை. இப்படியே சில ஆண்டுகள் ஓடிவிட்டன.

கானோ தன் எண்ணத்தை விடவில்லை. 1877ம் ஆண்டு டோக்கியோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் மறுபடி தேட ஆரம்பித்தார். ஆசிரியரை எங்கே தேடுவது? இங்கேதான் அவரது மூளை வேலை செய்தது. மாணவர்கள் குறைந்துவிட்டதால், ஜுஜுத்சு ஆசிரியர்கள் பலர் பிழைப்புக்காக வேறு தொழில் பார்த்தார்கள். அது என்ன தொழில் தெரியுமா? எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் வைத்தியம்! சண்டையில் மூட்டு பிசகும், எலும்பு முறியும் அல்லவா? அதைச் சரிசெய்யும் வித்தையும் அவர்களுக்குக் கைவந்திருந்தது. எனவே, எலும்பு வைத்தியர் என்று பலகை தொங்கும் இடமெல்லாம் ஏறி இறங்கினார் கானோ. கடைசியில் ஒரு வைத்தியர், ஃபுகுடா ஹாச்சினோசுகே என்பவரிடம் அவரை அனுப்பி வைத்தார்.

ஃபுகுடாவின் வைத்தியசாலைக்குப் பக்கத்தில் 10 பாய் விரிக்கும் அளவுக்கு ஒரு சிறிய அறை. அதுதான் பயிற்சிக்கூடம். மாணவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். அங்கே கானோவின் முதல் பாடம் என்ன தெரியுமா? கீழே விழுவது! மீண்டும் மீண்டும் விழுந்தார். கை, கால் எல்லாம் சிராய்ப்பு. உடம்பெல்லாம் களிம்பு பூசிக்கொண்டுதான் கல்லூரிக்குப் போவார்.

ஒருமுறை ஃபுகுடா அவரை ஒரு பிடியில் தூக்கி எறிந்தார். கையை எப்படி வைத்தீர்கள், காலை எப்படி வைத்தீர்கள் என்று கானோ கேட்டார். ஆசிரியர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. பலமுறை விழுந்தால் தானாகத் தெரிந்துவிடும் என்று சொல்லி மறுபடி மறுபடி எறிந்தார்! அந்தக் காலத்தில் பாடம் நடத்தும் முறை அப்படி. ஒவ்வொரு பிடிக்கும் ஒரு காரணம் இருக்க வேண்டுமே என்று கானோ யோசித்தார். அந்தக் கேள்விதான் பின்னாளில் ஜூடோ பிறப்பதற்கு விதையாக இருந்தது.

அதே கூடத்தில் ஃபுகுஷிமா என்று ஒரு பருமனான மாணவர் இருந்தார். என்ன செய்தாலும் கானோவால் அவரை அசைக்க முடியவில்லை. சுமோ மல்யுத்தப் பிடிகளைக் கற்றுவந்து பார்த்தார், பலிக்கவில்லை. உடனே கானோ எங்கே போனார் தெரியுமா? நூலகத்துக்கு! மேல்நாட்டு மல்யுத்தம் பற்றிய நூல்களைப் புரட்டினார். எதிராளியைத் தோளில் குறுக்காகச் சுமந்து மறுபக்கம் இறக்கும் ஒரு பிடி அவர் கண்ணில் பட்டது. நண்பர்களோடு பழகிப் பார்த்துவிட்டுக் கூடத்துக்குப் போனார். அன்று ஃபுகுஷிமா தரையில் கிடந்தார்! அந்தப் பிடிக்கு 'கதா குருமா' என்று பெயர். தோள் சக்கரம் என்று பொருள். இன்றும் அது ஜூடோவில் இருக்கிறது.

குழந்தைகளே, இந்த இடத்தில் ஒரு கேள்வி. கானோவுக்கு இப்போது பலம் வந்துவிட்டது. பழைய பள்ளித் தோழர்களைத் தேடிப் பிடித்துப் பழிக்குப் பழி வாங்கியிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்?

அதுதான் இல்லை! அவருக்குள் வேறு ஒன்று நடந்தது. இயல்பாகவே கானோ சட்டென்று கோபப்படுகிறவர். அன்றாடம் பயிற்சி செய்யச் செய்ய, அந்தக் கோபம் அடங்கிவருவதை அவரே கவனித்தார். ஒல்லியான உடம்பு உறுதியானது. மனமும் நிதானப்பட்டது. கூடத்தில் கோபப்பட்டவர்தான் முதலில் தோற்றார். பதற்றப்பட்டவர் கால் இடறி விழுந்தார். வெல்ல வேண்டும் என்றால் முதலில் தன்னை அடக்க வேண்டும் என்று அந்தப் பாய்கள் அவருக்குக் கற்றுத்தந்தன. பிறரை அடிக்கக் கற்கப்போன கலை தன்னையே திருத்துகிறதே! இது நாட்டில் உள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் கிடைத்தால் எப்படி இருக்கும் என்று அவர் நினைத்தார்.

1879ம் ஆண்டு, அமெரிக்க முன்னாள் அதிபர் யுலிசஸ் கிராண்ட் ஜப்பான் வந்தபோது, அவர் முன்னால் ஜுஜுத்சு செய்து காட்டியவர்களில் கானோவும் ஒருவர். ஆனால், அதற்குச் சில நாட்களிலேயே ஃபுகுடா இறந்துவிட்டார். ஆசிரியரின் குடும்பத்தார் அவரது ஓலைச்சுருள்களைப்போன்ற காகிதச் சுருள்களைக் கானோவிடம் ஒப்படைத்தார்கள். 18 வயது இளைஞன் தோளில் எவ்வளவு பெரிய பொறுப்பு, பாருங்கள்! அடுத்து இசோ மசாதோமோ என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். 1881ம் ஆண்டு அவரும் காலமானார். மூன்றாவதாக, கிட்டோ என்ற பிரிவைச் சேர்ந்த ஈகுபோ சுனேதோஷியிடம் போய்ச் சேர்ந்தார்.

ஈகுபோ 50 வயதைக் கடந்தவர். ஆனால், இளைஞரான கானோவை அநாயாசமாக எறிந்துவிடுவார். பல ஆண்டுகள் இப்படியே போயின. ஒருநாள் எல்லாம் தலைகீழாக மாறியது. அன்று கானோ ஆசிரியரை எறிந்தார். திரும்பவும் எறிந்தார். மூன்றாவது முறையும் எறிந்தார்! ஈகுபோ வியந்துபோய்க் காரணம் கேட்டார். எறிவதற்கு முன் எதிராளியின் சமநிலையைக் குலைத்துவிட வேண்டும் என்பதைக் கவனித்துக் கண்டுபிடித்ததாகக் கானோ சொன்னார். இனி நான் உனக்குக் கற்றுத்தர எதுவும் இல்லை என்று மனமாரப் பாராட்டிய அந்த ஆசிரியர், தன் பிரிவின் முழுத் தகுதியையும் அவருக்கு வழங்கினார். சீடனிடம் தோற்றதில் மகிழ்ந்த அந்தக் குருவும் பெரிய மனிதர்தான், இல்லையா?

சமநிலை என்றால் என்ன? ஒரு சின்ன சோதனை செய்து பாருங்கள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்காருங்கள். உங்கள் தங்கையை, உங்கள் நெற்றியில் ஒரே ஒரு விரலை வைத்து அழுத்தச் சொல்லுங்கள். கையை ஊன்றாமல் எழுந்திருங்கள், பார்ப்போம். முடியவில்லையா? எழுந்து நிற்க, உடலின் எடை பாதங்களுக்கு மேலே வர வேண்டும். அதற்கு முதலில் தலை முன்னே வர வேண்டும். தங்கையின் விரல் அதைத் தடுத்துவிடுகிறது. அண்ணனின் பலம் ஒரு விரலிடம் தோற்றுவிட்டது! கானோ கண்டுபிடித்த ரகசியமும் ஏறக்குறைய இதுதான்.

இன்னொரு கணக்கும் பாருங்கள். உங்கள் எதிரே நிற்பவரின் பலம் 10. உங்கள் பலம் 7. அவர் தள்ளுகிறார். நீங்களும் எதிர்த்துத் தள்ளினால் தோல்வி உங்களுக்குத்தான். அவர் தள்ளும்போது நீங்கள் அதே திசையில் சற்றே பின்வாங்கினால்? அவர் தன் வேகத்தாலேயே முன்னால் தடுமாறுவார். அந்த நொடியில் அவரது பலம் 3 ஆகிவிடுகிறது. உங்களிடமோ அதே 7 அப்படியே இருக்கிறது. அதில் பாதியே போதும், அவர் கீழே விழ! வெள்ளத்தில் நாணல் வளைந்து கொடுத்துத் தப்பிக்கிறது அல்லவா, அதுபோலத்தான். 'ஜூ' என்றால் மென்மை, வளைந்து கொடுத்தல். 'டோ' என்றால் வழி. இரண்டும் சேர்ந்து ஜூடோ, அதாவது மென்மையின் வழி.

1882ம் ஆண்டு, 21 வயதில், டோக்கியோவில் உள்ள எய்ஷோஜி என்ற புத்தர் கோயிலில் கானோ தன் பள்ளியைத் தொடங்கினார். 12 பாய் விரிப்பு, 9 மாணவர்கள், அவ்வளவுதான்! அந்தப் பள்ளிக்குக் கோடோகான் என்று பெயர் வைத்தார். வழியைக் கற்கும் இல்லம் என்று பொருள். அப்போது அவர் ஒரு பள்ளியில் ஆசிரியராக வேலை பார்த்தார். மொழிபெயர்ப்பு வேலையும் செய்து, அந்த வருமானத்தில் பயிற்சிக்கூடத்தை நடத்தினார். மாணவர்கள் தொப் தொப்பென்று விழுந்ததில் கோயில் தரையே ஆட்டம் கண்டது. பலகைகள் உடைந்தன. இரவில் கானோ விளக்கை எடுத்துக்கொண்டு தரைக்கு அடியில் தவழ்ந்து போய், தன் கையாலேயே அவற்றைச் சரிசெய்வாராம்!

பழைய ஜுஜுத்சுவில் ஆபத்தான அடிகளும் முறுக்குகளும் நிறைய இருந்தன. கானோ அவற்றைப் பயிற்சி ஆட்டத்திலிருந்து நீக்கினார். நண்பனின் கையை முறித்துவிட்டு, நாளை யாரோடு பயிற்சி செய்வாய் என்பது அவர் கேள்வி. வலித்தால் எதிராளியையோ பாயையோ தட்டினால் போதும், உடனே பிடியை விட்டுவிட வேண்டும். ஆட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் ஒருவரை ஒருவர் வணங்க வேண்டும். தோற்றவரும் வணங்க வேண்டும், வென்றவரும் வணங்க வேண்டும். ஏனென்றால், எதிரே நிற்பவர் இல்லாவிட்டால் பயிற்சியே இல்லை!

கோடோகானிலும் முதல் பாடம் விழுவதுதான். ஆனால், கானோ அதைக் காரணத்தோடு கற்றுத்தந்தார். தாடையை மார்போடு ஒட்டினால் பின்மண்டை தரையில் மோதாது. முதுகை வளைத்தால் உடல் உருளும். கையைப் பரப்பித் தரையில் தட்டினால், அடி ஒரே இடத்தில் இறங்காமல் பரவிவிடும். விழப் பழகியவருக்கு விழுவதில் பயம் இருக்காது. பயம் போனால் உடல் விறைக்காது. அப்புறம் கற்பது எளிது.

அடுத்த ஆண்டே, திறமையை அளக்க 'டான்' என்ற தகுதிப் படிகளை ஏற்படுத்தினார். கராத்தே வகுப்பில் கறுப்பு பெல்ட் வாங்க ஆசைப்படுகிறீர்களே, அந்தப் பழக்கம் கானோவின் பள்ளியிலிருந்து வந்ததுதான். மஞ்சள், பச்சை, நீலம் என்ற வண்ண பெல்ட்டுகள் பின்னாளில் ஐரோப்பாவில் பரவியவை.

1889ம் ஆண்டு, கல்வி முறைகளைப் பார்த்து வரக் கானோ ஐரோப்பா சென்றார். திரும்பி வரும் கப்பலில் ஒரு வேடிக்கை நடந்தது. பயணிகளில் ஒருவர் ஆஜானுபாகுவான ரஷ்யர். இந்தச் சின்ன மனிதரா மல்லர் என்று அவருக்குச் சந்தேகம். கானோவைக் கட்டிப் பிடித்து அழுத்தினார். கானோ உடலைத் திருப்பினார். அடுத்த நொடி அந்தப் பெரிய மனிதர் காற்றில் பறந்தார்! ஆனால், பார்த்தவர்கள் வியந்தது அதற்காக மட்டும் அல்ல. விழும்போது ரஷ்யரின் தலை தளத்தில் மோதாதபடி கானோ தன் கையால் தாங்கிக்கொண்டார். தோற்றவரே மகிழ்ந்து கைகுலுக்கினாராம். பள்ளியில் அடி வாங்கிய சிறுவன் எவ்வளவு தூரம் வந்துவிட்டான், பார்த்தீர்களா?

கானோவின் தொழில் கடைசிவரை ஆசிரியத் தொழில்தான். டோக்கியோ உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் தலைவராக, இடையில் சில இடைவெளிகளோடு, 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தார். அங்கே நீச்சல், நெடுந்தூர ஓட்டம் எல்லாவற்றுக்கும் இடம் கொடுத்தார். வலுவானவர்கள் மட்டும் அல்ல, எல்லா மாணவர்களும் ஓட வேண்டும், நீந்த வேண்டும் என்றார். 1911ம் ஆண்டு முதல் பள்ளிக்கூடங்களிலும் ஜூடோவுக்கு இடம் கிடைத்தது.

1896ம் ஆண்டு சீனாவிலிருந்து 13 மாணவர்கள் படிக்க வந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டுவரை ஜப்பானும் சீனாவும் போரிட்ட நாடுகள். ஆனாலும் அவர்களைக் கானோ வரவேற்றுப் படிக்க வைத்தார். பின்னர் அவர்களுக்காகவே கோபுன் என்ற பள்ளியையும் நடத்தினார். ஆயிரக்கணக்கான சீன மாணவர்கள் அங்கே படித்தார்கள். பின்னாளில் சீனாவின் மிகப் பெரிய எழுத்தாளராக விளங்கிய லூ சுன், 1902ம் ஆண்டு அங்கே சேர்ந்தவர்தான். அவர் கோடோகானில் ஜூடோவும் கற்றார்.

ஜூடோ என்பது பாயோடு முடிந்துவிடக் கூடாது என்று கானோ விரும்பினார். 1922ம் ஆண்டு இரண்டு கொள்கைகளை அறிவித்தார். ஒன்று, உன் சக்தியை வீணாக்காமல் நல்ல வழியில் முழுமையாகப் பயன்படுத்து. இரண்டு, நீயும் பிறரும் சேர்ந்தே வளருங்கள். முதலாவது உங்கள் உடலுக்கும் மனத்துக்கும். இரண்டாவது நீங்கள் வாழும் ஊருக்கும் உலகுக்கும். தேவையில்லாமல் கோபப்படுவதும், கவலைப்பட்டுக்கொண்டே இருப்பதும்கூடச் சக்தியை வீணாக்குவதுதான் என்பது அவர் கருத்து.

பெண்களுக்கு எதற்குச் சண்டைக் கலை என்று கேட்ட காலம் அது. கானோ 1893ம் ஆண்டிலேயே ஒரு பெண்ணுக்கு ஜூடோ சொல்லிக்கொடுக்கத் தொடங்கினார். 1926ம் ஆண்டு கோடோகானில் பெண்களுக்குத் தனிப் பிரிவே வந்தது. 1935ம் ஆண்டு அதில் ஒரு பெண் சேர்ந்தார். உயரம் 5 அடிகூட இல்லை. அவரைக் கானோவே அழைத்திருந்தார். யார் அவர் தெரியுமா? கானோவின் முதல் குரு ஃபுகுடாவின் பேத்தி, கெய்கோ ஃபுகுடா! குருவிடம் வாங்கிய கடனை அவர் பேத்திக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டார் கானோ. கெய்கோ பிற்காலத்தில் அமெரிக்காவில் குடியேறி, 90 வயதைத் தாண்டியும் ஜூடோ கற்றுத்தந்தார். 2011ம் ஆண்டு, 98 வயதில், அமெரிக்க ஜூடோ அமைப்பின் 10வது டான் தகுதியைப் பெற்றார். அந்தப் படியை எட்டிய முதல் பெண் அவர்தான். 2013ம் ஆண்டு, தம் 99வது வயதில் மறைந்தார்.

1909ம் ஆண்டு, சர்வதேச ஒலிம்பிக் குழுவில் கானோ உறுப்பினரானார். அந்தக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியர் அவரே. 1912ம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் ஜப்பான் முதல்முறையாகக் கலந்துகொண்டது. அணியில் எத்தனை வீரர்கள்? இரண்டே பேர்! அவர்களுக்குத் தலைவராகப் போனவர் கானோ. ஒருவர் மராத்தான் வீரர் கனாகுரி ஷிசோ, கானோவின் கல்லூரி மாணவர். போட்டி நாளில் கடும் வெயில். ஓடியவர்களில் பாதிப்பேர் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். கனாகுரி மயங்கி விழுந்துவிட்டார். ஆனால், விழுந்தவர் எழுந்தார். 1920, 1924 ஒலிம்பிக் போட்டிகளிலும் ஓடினார். 1967ம் ஆண்டு, 75 வயதில், ஸ்வீடன் நாட்டினர் அழைக்க, மறுபடி ஸ்டாக்ஹோம் சென்று அந்த மராத்தானின் எல்லைக்கோட்டைத் தொட்டார். அவர் எடுத்துக்கொண்ட நேரம் 54 ஆண்டு, 8 மாதம், 6 நாள், 5 மணி, 32 நிமிடம், 20.379 வினாடி!

நம் நாட்டுக்கும் கானோவின் கலைக்கும் தொடர்பு உண்டு. கவிஞர் ரவீந்திரநாத் தாகூர் ஜூடோவை விரும்பினார். அவர் அழைப்பில், கோடோகானில் பயின்ற ஷின்சோ தகாகாகி 1929ம் ஆண்டு சாந்திநிகேதன் வந்து மாணவர்களுக்கும் மாணவியருக்கும் ஜூடோ கற்றுத்தந்தார்.

ஆசியாவில் ஒலிம்பிக் நடக்க வேண்டும் என்பது கானோவின் பெரிய கனவு. பல ஆண்டுகள் நாடு நாடாகச் சென்று பேசினார். 1936ம் ஆண்டு பலன் கிடைத்தது. 1940ம் ஆண்டுப் போட்டி டோக்கியோவுக்கு என்று முடிவானது. ஆனால், 1937ம் ஆண்டு ஜப்பான் சீனாவோடு முழு அளவில் போரில் இறங்கியது. எந்த நாட்டுப் பிள்ளைகளுக்குக் கானோ பாடம் சொன்னாரோ, அதே நாட்டோடு போர்! டோக்கியோவில் ஒலிம்பிக் நடக்குமா என்று உலகம் சந்தேகப்பட்டது. 77 வயதில் கானோ 1938ம் ஆண்டு எகிப்தின் கெய்ரோ நகரில் நடந்த ஒலிம்பிக் குழுக் கூட்டத்துக்குப் போய் வாதாடினார். அங்கிருந்து ஐரோப்பா, அமெரிக்கா வழியாகப் பயணம் செய்து, கனடாவில் ஹிகாவா மாரு என்ற கப்பலில் ஏறினார். வழியில் நிமோனியா காய்ச்சல் கண்டது. மே 4ம் தேதி, கப்பல் கரை சேரும் முன்பே அவர் உயிர் பிரிந்தது. ஒலிம்பிக் கொடி போர்த்திய பெட்டியில் அவர் உடல் யோகோஹாமா துறைமுகத்தில் இறக்கப்பட்டது. அந்த ஜூலை மாதமே, போட்டியை நடத்த இயலாது என்று ஜப்பான் விலகிக்கொண்டது.

கனவு அத்தோடு முடிந்துவிட்டதா? இல்லை. 1964ம் ஆண்டு டோக்கியோவில் ஒலிம்பிக் நடந்தது. ஜூடோவும் அதில் முதல்முறையாக இடம்பெற்றது. எடை வரம்பு இல்லாத பிரிவின் இறுதிப் போட்டியில், நெதர்லாந்து வீரர் ஆன்டன் கீசிங்க், ஜப்பானின் அகியோ கமினாகாவை அவர் சொந்த மண்ணிலேயே வென்றார். அரங்கமே மௌனமானது. மகிழ்ச்சி தாங்காத நெதர்லாந்து ரசிகர்கள் பாய்மீது ஓடிவரப் பார்த்தார்கள். கீசிங்க் உடனே கையை உயர்த்தி அவர்களைத் தடுத்து நிறுத்தினார். தோற்றவருக்கு வணக்கம் செலுத்தாமல் கொண்டாட்டம் கூடாது! ஜப்பானியர்கள் அன்று பதக்கத்தை இழந்தார்கள். ஆனால், கானோவின் பாடம் எல்லை தாண்டிப் போய்ச் சேர்ந்திருப்பதைக் கண்ணால் கண்டார்கள். 1992ம் ஆண்டு முதல் பெண்கள் ஜூடோவுக்கும் ஒலிம்பிக் பதக்கம் உண்டு. 2024ம் ஆண்டு பாரிஸ் பாராலிம்பிக்கில், பார்வைக் குறைபாடு உள்ள நம் வீரர் கபில் பர்மார் வெண்கலம் வென்றார். பாராலிம்பிக் ஜூடோவில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. எதிராளியின் சட்டையைப் பிடித்ததும் அவர் அசைவைக் கையாலேயே உணர்ந்துகொள்ளும் விளையாட்டு அல்லவா!

குழந்தைகளே, இதைப் படித்துவிட்டு வீட்டுக் கூடத்தில் தம்பியைத் தூக்கிப் போட்டுப் பார்க்காதீர்கள். பாய் விரிப்பும், நல்ல ஆசிரியரும் இல்லாமல் எந்தப் பிடியையும் முயலக் கூடாது. பள்ளியில் யாராவது உங்களைத் தொந்தரவு செய்தால், முதலில் அம்மாவிடமோ அப்பாவிடமோ ஆசிரியரிடமோ சொல்லுங்கள். சொல்வது கோழைத்தனம் அல்ல.

ஜூடோ, சிலம்பம், கராத்தே, களரி என்று எந்தக் கலை உங்கள் ஊரில் கிடைக்கிறதோ, வாய்ப்பிருந்தால் கற்றுக்கொள்ளுங்கள். உடல் உறுதியாகும். பயம் குறையும். கோபம் கட்டுக்குள் வரும். புதிய நண்பர்கள் கிடைப்பார்கள். சேரப்போகும் இடத்தில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். விழுந்தவரைக் கைகொடுத்துத் தூக்கிவிடுகிறார்களா? வென்றவர் வணங்குகிறாரா? அப்படி என்றால் அது நல்ல இடம்.

உங்களுக்குப் பலம் வந்த பிறகு, வகுப்பில் ஒல்லியாக ஒரு பையன் தனியாக நின்றால், அவன் பக்கத்தில் போய் நில்லுங்கள். அதுதான் கானோ காட்டிய வழி!